முறுக்கு டின்னும் ஒரு கறுப்புப் பெட்டியும்



சென்ற இதழில், தம்பி மனைவியின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய்ப் பிரசவ லேகியம் கிளறிய கதையை எழுதியிருந்தேன். "அங்கே வேறு என்ன பார்த்தீர்கள்? அதையும் எழுதுங்களேன்" என்று சில சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். பெரிய பெரிய கடைகளைப் பற்றியும், பாத்திரம் தேய்க்கும் மிஷினைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் மனசு வேறொன்றில் போய் நிற்கிறது. இந்தத் தடவை அதையே எழுதிவிடுகிறேன். விஷயம், துப்பாக்கி!

'நம் பகுதியில் துப்பாக்கியா?' என்று முகம் சுளிக்காதீர்கள். மகளையோ மருமகளையோ அங்கே அனுப்பிவிட்டு, பேரப்பிள்ளையைப் பார்க்க விமானம் ஏறும் அம்மாக்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்காகத்தான் இது.

2024 மார்ச்சில் டெக்ஸாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகருக்குப் போய் இறங்கினேன். தம்பி மனைவிக்குத் தாயார் இல்லை. மூத்தவனுக்கு நாலு வயசு. சரியான வாலு. குளிர்சாதனப் பெட்டியின் மேலே நான் ஒளித்து வைத்த முறுக்கு டின்னை, நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஒரு முக்காலியையும் போட்டு ஏறி எடுத்த பிள்ளை!

ஆஸ்பத்திரி வாசலிலேயே எனக்கு முதல் ஆச்சரியம். கண்ணாடிக் கதவில் பெரிய பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷ் மொழியிலும் ஒரு அறிவிப்புப் பலகை. 'செருப்பை வெளியே விடவும்' என்பது போல ஏதோ என்று நினைத்தேன். "துப்பாக்கியோட உள்ளே வரக்கூடாதுன்னு போட்டிருக்குக்கா. 30.06-ன்னு சொல்வாங்க. அது சட்டத்துல அந்தப் பிரிவோட நம்பர். எழுத்து ஒரு அங்குல உயரமாவது இருக்கணும்னு கூடச் சட்டம் இருக்கு" என்றான் தம்பி. ஆஸ்பத்திரிக்கு யாரடா துப்பாக்கியோடு வருவார்கள் என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

குழந்தை பிறந்த பத்தாம் நாள். துவைத்து மடித்த கம்பளிகளை அடுக்கலாம் என்று படுக்கையறை அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் கம்பளியைத் தள்ளி வைக்கும்போது, பின்னால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி கைக்குத் தட்டுப்பட்டது. தையல் மிஷின் சாமானாக இருக்கும் என்று திறந்தேன். பூட்டு இல்லை, சும்மா கொக்கிதான். உள்ளே ஒரு கைத்துப்பாக்கி. பக்கத்தில் அதன் பூட்டு, வாங்கி வந்த பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல்!

எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முற்றத்தில் மூத்தவன் பந்து விளையாடிக் கொண்டிருந்தான். என் கண்ணில் அந்த முக்காலிதான் தெரிந்தது.

யாரிடம் கேட்பது? தம்பியிடம் கேட்டால், வந்த இடத்தில் அக்கா வேவு பார்க்கிறாள் என்று ஆகிவிடுமோ? பச்சை உடம்புக்காரியிடம் கேட்டால் அவள் பயந்துவிட்டால்? இரண்டு நாள் வாயைக் கட்டிக் கொண்டிருந்தேன். ராத்திரி தூக்கம் இல்லை. சின்னது அழும்போதெல்லாம் முதலில் எழுந்து அந்த அலமாரிக் கதவைத்தான் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் குழந்தை டாக்டரிடம் போனோம். எடை பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், தாய்ப்பால் போதுகிறதா என்று விசாரித்தார். தாயின் மனநிலையை அறிய, பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்துத் தம்பி மனைவியை நிரப்பச் சொன்னார். அதற்கப்புறம், காரில் குழந்தை நாற்காலி இருக்கிறதா என்று கேட்ட அதே சாதாரணக் குரலில், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? எப்படி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது என்பது இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

குழந்தை டாக்டருக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று தோன்றுகிறதல்லவா? காரணம் இருக்கிறது. 2020-ஆம் வருஷக் கணக்கில், அந்த நாட்டில் 1 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களின் சாவுக்கு முதல் காரணமாகத் துப்பாக்கிதான் வந்து நின்றது. கார் விபத்தைக் கூடப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அதனால்தான் அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கம், பெற்றோரிடம் இதைக் கேட்கச் சொல்கிறது. டாக்டர்கள் இப்படிக் கேட்பதைக் கட்டுப்படுத்தி ஃபுளோரிடாவில் 2011-இல் ஒரு சட்டமே போட்டார்களாம். 2017-இல் மேல் கோர்ட்டு அதன் முக்கியப் பகுதிகளைத் தள்ளிவிட்டது.

தம்பி நெளிந்து கொண்டே, "இருக்கு. மேல் தட்டில்தான் இருக்கு" என்றான். டாக்டர் கோபிக்கவில்லை. மூன்றே விஷயம் சொன்னார். தோட்டாவை எடுத்துவிட வேண்டும். துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும். தோட்டாவை வேறொரு இடத்தில் தனியாகப் பூட்ட வேண்டும்.

கேட்டதும் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துவிட்டது. தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்குத் தோட்டம். காட்டுப்பன்றிக்காக அப்பா லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். துப்பாக்கி அவர் அறையில். தோட்டா வேறொரு அறையில், மரப்பெட்டியில். அந்தப் பெட்டிச் சாவி அம்மாவின் இடுப்பில்! அப்பாவுக்கே தோட்டா வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். அவர் காலமானதும் அம்மா செய்த முதல் காரியங்களில் ஒன்று, அதை ஸ்டேஷனில் கொண்டு போய் ஒப்படைத்தது. லைசென்ஸ்காரர் போய்விட்டால், வேறு லைசென்ஸ் இல்லாமல் அது வீட்டில் இருக்கக் கூடாது. நம் நாட்டு 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டம் அப்படி.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பேச்சு ஆரம்பித்தது.

"எதுக்குடா வாங்கினே?"

"நாங்க ஊருக்கு வந்திருந்தப்ப வீட்டைத் திறந்து நகையெல்லாம் போச்சுல்லக்கா. அப்பத்தான் கிரீன் கார்டு வந்திருந்துச்சு. ஒரு நாள் கடைக்குப் போனேன், ஒரு பாரம் நிரப்பினேன், கம்ப்யூட்டர்ல விசாரிச்சாங்க, ஒரு மணி நேரத்துல கையில குடுத்துட்டாங்க."

எங்கப்பா லைசென்ஸுக்காக எத்தனை மாசம் நடந்தார் என்று நினைத்துக் கொண்டேன். வேலைக்கான விசாவில் இருந்தபோது அவனால் வாங்கியிருக்க முடியாது. சுற்றுலா, படிப்பு, வேலை என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்று 1998 முதல் அந்த நாட்டு மத்தியச் சட்டம் சொல்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டுக்காரர்கள் வாங்கலாம்.

"சரி, திருடன் வந்தப்ப நீங்க வீட்டுல இல்லே. துப்பாக்கி இருந்திருந்தா அதையும் சேர்த்துத்தானே கொண்டு போயிருப்பான்?" என்றேன்.

அவன் பேசவில்லை. அதுவரை வாய் திறக்காத அவன் மனைவிதான் பேசினாள். "மதினி, ரெண்டு வருஷமா நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். 'ராத்திரியில எவனாவது வந்தா என்ன செய்வே?'ன்னு கேப்பாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. இப்ப மாடிக்கும் கீழுக்கும் தூக்கமில்லாம அலையுறேன். மனசு ஒரு நேரம் போல ஒரு நேரம் இல்லே. அது அந்த அலமாரியில இருக்குன்னு நெனைச்சாலே..." மேலே பேசாமல் அழுதுவிட்டாள்.

சகோதரிகளே, பிள்ளை பெற்ற வீட்டில் இந்த அழுகையை நாம் 'பச்சை உடம்பு, சரியாப் போயிடும்' என்று தள்ளிவிடுகிறோம். தள்ளக் கூடாது. அந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல், தன்னைத் தானே மாய்த்துக் கொள்பவைதான். மனசு தளர்ந்த ஒரு நிமிஷம் கடந்து போய்விடும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் அப்படி ஒன்று இருந்தால், அந்த நிமிஷத்தைத் திரும்பப் பெற முடியாது. மறுநாளே டாக்டரிடம் மறுபடி பேச வைத்தோம். நல்ல ஆலோசகர் ஒருவர் கிடைத்தார். இரவில் இரண்டு முறை பால் கொடுக்கும் பொறுப்பைத் தம்பி புட்டியில் எடுத்துக் கொண்டான். நாலைந்து வாரத்தில் முகம் தெளிந்தது.

அன்றே தம்பி பூட்டின் உறையைப் பிரித்துப் போட்டான். 'கைத்துப்பாக்கி விற்கும் கடைக்காரர், கூடவே ஒரு பூட்டையும் கொடுத்தாக வேண்டும்' என்று 2005-இல் அங்கே சட்டம் வந்ததாம். கொடுக்கச் சொல்லும் சட்டம், பூட்டச் சொல்லவில்லை! ஆனால் டெக்ஸாஸில், அஜாக்கிரதையாக வைத்த துப்பாக்கி 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் கிடைத்தால் பெரியவர்கள் மேல் வழக்கு உண்டு.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. தம்பிக்கு நியூஜெர்சியில் வேலை கிடைத்திருந்தது. ஜூலையில் வீட்டைக் காலி செய்து காரிலேயே போவதாகத் திட்டம். சுமார் 1,600 மைல்! "துப்பாக்கியை என்னடா செய்வே?" என்றேன். "கார் டேஷ்போர்டு பெட்டியில வச்சுக்கிட்டுப் போயிடுவேன். இங்கே 2021 செப்டம்பர்லேருந்து பெர்மிட்டே தேவையில்லக்கா" என்றான் அலட்சியமாக.

பக்கத்து வீட்டில் எழுபது வயசுப் பாட்டி ஒருத்தி இருந்தாள். அசல் டெக்ஸாஸ்காரி. குழந்தை பிறந்ததும் பெரிய தட்டில் ஏதோ சுட்டு எடுத்து வந்தவள். அவளிடமும் துப்பாக்கி உண்டு, இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பாள். டெக்ஸாஸில் பெர்மிட் தேவையில்லை என்று ஆன பிறகும் விடாமல் புதுப்பித்து வைத்திருக்கிறாள். காரணம் கேட்டேன். "நம்ம பெர்மிட்டை சில மாநிலம் ஒத்துக்கும், சில மாநிலம் ஒத்துக்காது. எல்லை தாண்டினால் சட்டமும் மாறும். துப்பாக்கி வைத்திருப்பவள் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்" என்றாள். தம்பி டேஷ்போர்டு என்றதும் அவள் தலையில் கை வைத்துக் கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்தோம். தம்பி ஒவ்வொரு மாநிலப் போலீஸ் விதியாகப் படித்துத் தமிழில் சொல்ல, நான் மளிகைக் கணக்கு நோட்டில் எழுதினேன். டெக்ஸாஸில் பெர்மிட் இல்லாமலே எடுத்துப் போகலாம். டென்னசியிலும் 2021 முதல் அப்படி. விர்ஜினியாவில் மறைத்து எடுத்துப் போகப் பெர்மிட் வேண்டும். மேரிலாண்டும் நியூஜெர்சியும் வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை.

நடுவில் இருக்கும் மாநிலங்களைக் கடந்து போகிறவர்களுக்கென்று 1986-இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி, புறப்படும் ஊரிலும் சேரும் ஊரிலும் வைத்திருக்க உரிமை இருக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டாமல் டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், டேஷ்போர்டு பெட்டி கணக்கில் சேராது. அதைச் சட்டத்திலேயே சொல்லியிருக்கிறது! தம்பி அந்த வரியை இரண்டு தரம் படித்தான்.

பாட்டி அப்போது ஒரு உண்மை வழக்கைச் சொன்னாள். பென்சில்வேனியாவில் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு இளம்பெண். வழிப்பறிக்குப் பயந்து முறைப்படி பெர்மிட் எடுத்துத் துப்பாக்கி வாங்கியவள். 2013-இல் காரில் எல்லை தாண்டி நியூஜெர்சிக்குள் போனபோது போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியது. "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ பெர்மிட்" என்று அவளே நாணயமாகச் சொன்னாள். அந்த மாநிலத்தில் அந்தப் பெர்மிட் செல்லாது! கைது செய்துவிட்டார்கள். மூன்றரை வருஷச் சிறை கிடைக்கும் என்ற நிலை. பிறகு வழக்கு தளர்ந்து, 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். ஒரு பாலத்தைத் தாண்டியதற்கு அந்தத் தாய் பட்ட பாடு! கேட்டுக் கொண்டிருந்த தம்பி மனைவி, மடியில் கிடந்த பிள்ளையை இறுக்கிக் கொண்டாள்.

நியூஜெர்சி விதியையும் படித்தோம். 2022-இல் வந்த சட்டப்படி, புதிதாகக் குடிவருபவர் 60 நாளுக்குள் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துக் கைத்துப்பாக்கியைப் பதிய வேண்டும். 2018-ஆம் வருஷச் சட்டப்படி பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின் கூடாது. தம்பியுடையது பதினைந்து கொள்வது! வெளியே எடுத்துப் போவதென்றால் தனிப் பெர்மிட். அதற்குப் பயிற்சி, கைரேகை, நாலு பேருடைய நற்சான்று. 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக்கு முன்னால் சாதாரணக் குடிமகனுக்கு அந்தப் பெர்மிட் கிடைப்பதே குதிரைக்கொம்பாம்.

தம்பி நோட்டை மூடினான். "அக்கா, அம்மா இடுப்புச் சாவி ஞாபகம் இருக்கா?" என்றான். "மறக்குமாடா?" என்றேன். "அங்கே போயி இவ்வளவையும் சரியாச் செய்ய முடியாதுன்னு இல்லே. செய்யலாம். ஆனா கைக்குழந்தையையும் இந்த வாலையும் வச்சுக்கிட்டு, அரைகுறையாச் செய்யுறதுக்கு இல்லாம இருக்கறதே மேல்" என்றான். அடுத்த வாரமே லைசென்ஸ் உள்ள கடையில் திருப்பி விற்றுவிட்டு வந்தான். வாங்கிய விலையில் பாதிதான் கிடைத்தது. அந்தப் பணத்தில் வாசலுக்கும் பின்கதவுக்கும் புதுப் பூட்டும், காமிராவும், அலாரமும் வாங்கி நியூஜெர்சி வீட்டுக்கென்று எடுத்து வைத்தார்கள். அவன் பயமும் பொய்யில்லையே, அதற்கும் ஒரு வழி வேண்டுமல்லவா?

அங்கே போகப் போகும் சகோதரிகளுக்கு, என் நோட்டிலிருந்து சில குறிப்புகள்:

மகன் அல்லது மகள் வீட்டில் துப்பாக்கி உண்டா என்று, குளிருக்கு என்ன துணி எடுத்து வரட்டும் என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டுவிடுங்கள். இருந்தால் சண்டை வேண்டாம். தோட்டா எடுத்து, பூட்டி, தோட்டாவைத் தனியே பூட்டி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். தானே பார்த்துவிட்டால் தொடாதீர்கள்.

'மேலே இருக்கிறது, எட்டாது' என்பதை ஒப்புக் கொள்ளாதீர்கள். முறுக்கு டின்னை நினைத்துக் கொள்ளுங்கள்.

'சும்மா சுட்டுப் பார்க்கலாம் வாங்க' என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் போகும் நமக்குத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே சட்டச் சிக்கலாகலாம். என்னையும் தம்பி அழைத்தான், பிறகு சட்டத்தைப் படித்துவிட்டு அவனே நாக்கைக் கடித்துக் கொண்டான்.

திரும்பி வரும்போது பைகளை ஒரு தரம் உதறிப் பாருங்கள். விளையாட்டாகப் பிள்ளை போட்ட ஒரு தோட்டா இருந்தாலும், நம் ஊர் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டப்படி விசாரணைக்கு நிற்க வேண்டி வரும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, வருஷத்துக்கு வருஷம் மாறும். வீடு மாறினாலும் பயணம் கிளம்பினாலும், அந்தந்த மாநிலப் போலீஸ் விதியை அன்றைய தேதிக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பெர்மிட் கையில் இருக்கிறது என்ற தைரியம் போதாது.

நான் ஆகஸ்டில் ஊர் திரும்பிவிட்டேன். போன மாசம் வீடியோவில் பேசும்போது தம்பி மனைவி சொன்னாள்: "மதினி, பெரியவனை அவன் சினேகிதன் வீட்டுக்கு விளையாடக் கூப்பிட்டாங்க. அந்தம்மாகிட்ட ரெண்டு கேள்வி கேட்டேன். வீட்டுல நாய் இருக்கா, துப்பாக்கி இருக்கா, எப்படிப் பூட்டி வச்சிருக்கீங்கன்னு."

"அய்யோ, கோவிச்சுக்கலையா?"

"இல்லே மதினி. 'இதை நானும் இனிமே கேக்கணும்'னு சொன்னாங்க."

பின்னாலிருந்து மூத்தவன் குரல்: "அத்தே, முறுக்கு எப்ப அனுப்புவே?"

அனுப்புகிறேன் கண்ணா. ஆனால் டின்னை எங்கே வைக்க வேண்டும் என்று உன் அம்மாவுக்கு இனிமேல் நான் சொல்லப் போவதில்லை. எங்கே வைத்தாலும் நீ எடுத்துவிடுவாய் என்பது அவளுக்குத் தெரியும்!